மௌனப்படத்தில் இதயம் துடிப்பது எப்படிக் கேட்கும்? எட்கர் ஆலன் போவும் ஆரம்பகாலத் திகில் படங்களும்

ஊசல்_நேரம்:

போவின் கதைகளில் பயம் காது வழியாகத்தான் உள்ளே வருகிறது. 1843-ல் வந்த ‘காட்டிக்கொடுத்த இதயம்’ கதையில் கிழவரின் நெஞ்சுத் துடிப்பு, பஞ்சில் பொதிந்து வைத்த கடிகாரம்போல மங்கலாக, வேகமாகக் கேட்கிறது. 1839-ல் வந்த ‘அஷர் மாளிகையின் வீழ்ச்சி’யில் ராடரிக் அஷருக்குச் சில தந்தி வாத்தியங்களைத் தவிர எந்த ஓசையையும் தாங்க முடியாது. கடைசி இரவில் நண்பன் ஒரு பழங்கதையை உரக்கப் படிக்கிறான். அதில் மரம் பிளந்தால் வீட்டுக்குள் எங்கோ மரம் பிளக்கிறது, அதில் ஒன்று அலறினால் இங்கேயும் அலறல் கேட்கிறது.

இப்படிப்பட்ட எழுத்தாளரை ஒலியே இல்லாத சினிமா 1909-லிருந்து 1928 வரை விடாமல் துரத்தியிருக்கிறது. ஓசையைக் கண்ணுக்கு எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதைப் பற்றி இங்கே பேசலாம். கூடவே, இந்தப் படங்களைத் திரையிட நினைப்பவர்களுக்கு ஓட்டும் வேகம், பிரிண்ட், இசை பற்றித் தெரிந்ததையும் எழுதுங்கள்.

அண்டங்காக்கை:

அமெரிக்க இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித்திடம்தான் தொடங்க வேண்டும். 1909, போவின் நூற்றாண்டு. பயோகிராஃப் நிறுவனத்துக்காக அவர் எடுத்த சுமார் 7 நிமிடப் படத்தில் போவே கதாநாயகன், நோயில் கிடக்கும் மனைவி வர்ஜீனியாவாக லிண்டா ஆர்விட்சன். ‘ஆலன்’ என்ற பெயரைத் தலைப்பிலேயே எழுத்துப் பிழையோடு (Allan என்பதை Allen என்று) போட்டிருக்கிறார்கள். அதனால் தேடும்போது இரண்டு விதமாகவும் தட்டிப் பாருங்கள். அண்டங்காக்கை திடீரென்று தோன்றுவது கேமராவை நிறுத்தி, பறவையை வைத்து, மறுபடி ஓட்டும் பழைய தந்திரம். இந்த இழைக்கு அது ஒரு முன்னுரை, அவ்வளவுதான்.

உண்மையான பதில் 1914-ல் கிரிஃபித் எடுத்த ‘தி அவெஞ்சிங் கான்சியன்ஸ்’. ‘காட்டிக்கொடுத்த இதய’த்தையும் ‘அன்னபெல் லீ’ கவிதையையும் சேர்த்துத் தைத்த படம். ஹென்றி பி. வால்தால் கொலை செய்யும் மருமகன், ஸ்பாட்டிஸ்வுட் ஐட்கன் கொலையாகும் மாமா, பிளாஞ்ச் ஸ்வீட் காதலி, ஒளிப்பதிவு பில்லி பிட்ஸர். மூலக்கதையில் பிணம் தரைப் பலகைக்குக் கீழே கிடக்கும். இங்கே கணப்படுப்பின் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுகிறார்கள். அது போவின் வேறு கதைகளிலிருந்து எடுத்தது.

விசாரணைக் காட்சியைத்தான் பார்க்க வேண்டும். ரால்ஃப் லூயிஸ் துப்பறிவாளராக எதிரே உட்கார்ந்திருக்கிறார். சுவர்க் கடிகாரத்தின் ஊசல் ஒரு ஷாட். துப்பறிவாளரின் பென்சில் மேசையில் தட்டுவது ஒரு ஷாட். அவர் பாதம் தரையில் தட்டுவது ஒரு ஷாட். வெளியே ஆந்தை. நடுநடுவே வால்தாலின் கைகள், ஒன்றையொன்று பிசைந்துகொண்டு. இதயத்தை எங்கேயும் காட்டவில்லை. ஒரே தாளத்தில் அசையும் பொருள்களை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டி, மருமகன் எதைக் கேட்கிறான் என்பதை நம்மையே எண்ண வைக்கிறார். போ உவமையாகச் சொன்ன கடிகாரத்தை கிரிஃபித் பொருளாகவே சுவரில் மாட்டிவிட்டார்.

படத்தின் பலவீனம் முடிவு. நடந்தது எல்லாம் கனவு என்று சொல்லி, காட்டுத் தேவதைகளை ஆடவிட்டு முடிக்கிறார். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுத் திரையிடுபவர்கள் உண்டு. வெட்டாதீர்கள். குற்றமும் மன்னிப்பும் பற்றிய அவருடைய வாதம் அந்த முடிவோடு சேர்ந்துதான் நிற்கிறது. நமக்குப் பிடிக்கிறதா என்பது வேறு விஷயம்.

தந்திமீட்டி:

அந்தக் காட்சிக்கு இசை போடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பென்சில் தட்டும் இடத்தில் முரசை ‘டக் டக்’ என்று சேர்த்து அடிக்க வேண்டாம். பென்சில், பாதம், ஊசல் மூன்றும் திரையில் ஏற்கெனவே தாளம் போடுகின்றன. நான்காவதாக நீங்களும் அடித்தால் பார்வையாளர் எண்ணுவதை நிறுத்திவிடுவார். அந்த இடத்தில் நீண்ட ஒற்றைச் சுரம், அதுவும் தாழ்ந்த சுருதியில், போதும். முழு மௌனம் இன்னும் நல்லது. ஆனால் மௌனத்துக்கு முன்னால் குறைந்தது 5 நிமிடமாவது தொடர்ச்சியாக வாசித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாத்தியக்காரர் இடம் தவறிவிட்டார் என்றுதான் அரங்கில் நினைப்பார்கள்.

அண்டங்காக்கை:

முரசு கூடாது என்பது சரி. முழு மௌனத்தை ஏற்க மாட்டேன். அந்தக் காலத்து அரங்கில் மௌனப்படம் மௌனமாக ஓடியதே அரிது. பியானோவாவது இருக்கும். தாழ்ந்த சுரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பதினாறு_ஃபிரேம்:

ஓசையை விட்டு ஒரு நிமிடம் வெளியே வருகிறேன், ஏனென்றால் போவின் இன்னொரு பயம் இரட்டை உருவம். 1839-ன் ‘வில்லியம் வில்சன்’ கதையில் தன்னைப் போலவே இருப்பவனைக் குத்தியவன் தன்னையே குத்திக்கொண்டதாக உணர்கிறான். 1913-ல் ஜெர்மனியில் வந்த ‘பிராக் நகர மாணவன்’ இந்த முடிவை அப்படியே எடுத்துக்கொண்டது. எழுத்து ஹான்ஸ் ஹைன்ஸ் ஏவர்ஸ், இயக்கம் ஸ்டெல்லன் ரியே, நடிப்பு பவுல் வேகனர். பால்டுயின் என்ற ஏழை மாணவன் 1,00,000 பொற்காசுக்குத் தன் கண்ணாடிப் பிம்பத்தை விற்றுவிடுகிறான். பிம்பம் கண்ணாடியை விட்டு இறங்கி நடந்து போகிறது. கடைசியில் அதைச் சுடுகிறான், குண்டு பாய்வது அவன் உடம்பில்.

ஒளிப்பதிவாளர் கீடோ ஸேபர் இதை லேபில் ஒட்டவில்லை, கேமராவுக்குள்ளேயே செய்தார். அந்தக் காலத்து முறை இது: லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்பு மாஸ்க்கை வைத்துப் படத்தின் ஒரு பாதியை மறைப்பார்கள். வேகனர் மறைக்காத பக்கத்தில் நடிப்பார். பிறகு லென்ஸை மூடிக்கொண்டு ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, தொடங்கிய அதே ஃபிரேமுக்குக் கொண்டுவருவார்கள். மாஸ்க்கை மறுபக்கம் மாற்றுவார்கள். வேகனர் உடை மாற்றாமல் அந்தப் பக்கம் போய், இல்லாத ஆளைப் பார்த்து நடிப்பார். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் 8 ஃபிரேம், வினாடிக்கு 2 சுற்று, ஆக 16 ஃபிரேம். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். எனவே 20 வினாடிக் காட்சிக்கு 40 சுற்று, 20 அடி. பின்னோக்கியும் அதே 40.

எங்கே கெடும்? முதலாவது, முக்காலி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் இரு பாதியும் சேரும் இடத்தில் கோடு நடுங்கும். இரண்டாவது, முதல் பாதியை எடுத்த பின் சூரியன் மேகத்துக்குள் போனால் ஒரு பாதி வெளுத்தும் ஒரு பாதி கறுத்தும் வரும். ஆகவே வெளிப்புறக் காட்சிகளில் இரண்டு பாதியையும் உடனுக்குடன் எடுத்தாக வேண்டும். மூன்றாவது, கைவேகம் மாறினால் ஓர் உருவம் நிதானமாகவும் இன்னொன்று பரபரப்பாகவும் அசையும். நான்காவது, நடிகர் நடுக்கோட்டைத் தாண்டினால் கை வெட்டுப்பட்டதுபோல மறையும். இரட்டை உருவக் காட்சிகளில் தூணோ மரமோ சுவர்மூலையோ நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். சேர்க்கும் கோட்டை ஒளித்துவைக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

ஸேபர் இந்த வித்தைகளை விளக்கி 1927-ல் ஒரு தனிப் புத்தகமே எழுதினார்.

பழுப்புச்சாயம்:

அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் எந்தப் பிரதி என்று கவனிக்கவும். பல காலம் சுற்றியவை வெட்டிச் சுருக்கிய கறுப்பு வெள்ளைப் படிகள். 2013-ல் மியூனிக் திரைப்பட அருங்காட்சியகம் சாயத்தோடு சீரமைத்த பதிப்பு வேறு படம் மாதிரியே இருக்கிறது.

சாயம் அலங்காரத்துக்காகப் போட்டதில்லை. அன்றைய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பைப் பார்க்காது, நீலத்தை அதிகமாகப் பார்க்கும். உதடு கறுப்பாகவும் வானம் வெள்ளையாகவும் விழும். வெளியே இரவில் எடுக்கும் அளவுக்கு அந்த ஃபிலிமுக்கு உணர்திறனும் கிடையாது. இரவுக் காட்சியைப் பகலில் எடுத்து, பிரிண்ட்டை நீலச் சாயத் தொட்டியில் முக்கிவிடுவார்கள். விளக்கு எரியும் அறைக்கு மஞ்சள் பழுப்பு, தீக்குச் சிவப்பு. அந்தப் பிரிண்ட்டிலிருந்து கறுப்பு வெள்ளையில் படியெடுத்தால் நள்ளிரவு நண்பகல் ஆகிவிடும். பேய் உச்சி வெயிலில் நடக்கிறதே என்று பழைய படிகளைப் பார்த்துச் சிரிப்பவர்கள் ஆய்வகத்தின் தவறை இயக்குநர் தலையில் போடுகிறார்கள்.

மழைத்துளி_72:

1920-ல் வந்த ஜெர்மன் திகில் படம் ‘டாக்டர் கலிகரி’யும் போவின் கதைதானே? 1926-ன் ‘தி பெல்ஸ்’ படத்தையும் பட்டியலில் சேர்க்கலாமா?

அண்டங்காக்கை:

இரண்டும் இல்லை. ‘கலிகரி’ கார்ல் மையரும் ஹான்ஸ் யானோவிட்ஸும் எழுதிய சொந்தத் திரைக்கதை. பைத்தியக்கார விடுதியில் யார் மருத்துவர், யார் நோயாளி என்று புரட்டிப்போடும் இடம் 1845-ல் போ எழுதிய டாக்டர் தார், பேராசிரியர் ஃபெதர் கதையை நினைவூட்டும், அவ்வளவே. அந்தக் கதையை நேரடியாகப் பார்க்க வேண்டுமென்றால் மோரிஸ் தூர்னர் பிரான்சில் எடுத்த குறும்படம் இருக்கிறது. அதுவும் பாரிசின் கிராண்ட் கீன்யோல் அரங்குக்காக ஆந்த்ரே த லோர்து எழுதிய நாடகத்தின் வழியாக வந்தது. ‘தி பெல்ஸ்’ படம் போவின் கவிதையிலிருந்து வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அதன் மூலம் எர்க்மன்-ஷாத்ரியன் இரட்டையரின் நாடகம்.

சேர்க்க வேண்டியது ரிச்சர்ட் ஓஸ்வால்ட் 1919-ல் எடுத்த ‘உன்ஹைம்லிஷ கெஷிஷ்டன்’ (‘திகில் கதைகள்’). ஐந்து கதைகள், கொன்ராட் ஃபைட், அனிதா பெர்பர், ரைன்ஹோல்ட் ஷுன்ஸல் மூவருமே கதைக்குக் கதை வேடம் மாற்றுகிறார்கள். அதில் ஒன்று ‘கறுப்புப் பூனை’.

ஊசல்_நேரம்:

1928-க்கு வருவோம். ஒரே ஆண்டில் இரண்டு ‘அஷர்’. ஒன்று பிரான்சில், ஒன்று அமெரிக்காவின் ராச்செஸ்டரில். போதாததற்கு அதே ஆண்டில் சார்லஸ் க்ளைன் ‘காட்டிக்கொடுத்த இதய’த்தை ‘கலிகரி’ பாணிக் கோணல்மாணலான அரங்கமைப்பில் குறும்படமாக எடுத்தார். அதன் ஒளிப்பதிவாளர் லியோன் ஷாம்ராய் பின்னாளில் நான்கு ஆஸ்கர் வாங்கியவர்.

முதலில் பிரான்சில் எடுத்தது, ழான் எப்ஸ்தீனின் ‘அஷர்’ பற்றிச் சொல்லுங்கள். அதில் ஓசை எங்கே?

தந்திமீட்டி:

எங்கும். முதலில் ஒரு பாத்திரத்தைக் கவனியுங்கள். அஷரைப் பார்க்க வரும் நண்பர், சார்ல் லாமி நடித்தது. காது சரியாகக் கேட்காத, கண்ணும் மங்கிய முதியவர், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறார். போவின் கதையில் நண்பனுக்கு இந்தக் குறை கிடையாது. எப்ஸ்தீன் வேண்டுமென்றே சேர்த்தது. ஒரு பக்கம் எறும்பு ஊர்வதும் கேட்கும் ராடரிக், மறுபக்கம் பக்கத்தில் பேசுவதே கேட்காத விருந்தாளி. ஒலியில்லாத படத்தைப் பார்க்கும் நாம் அந்த விருந்தாளியின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறோம். ராடரிக் கேட்பதை அவன் முகத்திலிருந்தும் பொருள்களிலிருந்தும் மட்டுமே தெரிந்துகொள்ள முடியும். இந்த ஒரு மாற்றத்துக்காகவே எப்ஸ்தீனுக்குப் போவைப் புரிந்திருக்கிறது என்பேன்.

பிறகு கிதார். ராடரிக்காக ழான் தெபுகூர் மீட்டுகிறார், வெட்டு தண்ணீருக்கும் மரக்கிளைக்கும் போகிறது. அங்கே இசை காட்சியாகிவிடுகிறது. பின்னால் யாரும் தொடாமலே தந்தி அறுகிறது. கடிகாரத்தின் உள்ளே பற்சக்கரமும் சுத்தியலும் மெதுவாக அசைவது திரை நிறைய வருகிறது. மெதுவாக என்பதுதான் முக்கியம். கிரிஃபித்தின் ஊசல் நிஜ வேகத்தில் ஆடி நரம்பை இழுத்துப் பிடிக்கும். எப்ஸ்தீனுடையது காலத்தையே இழுத்து நீட்டிவிடுகிறது.

அண்டங்காக்கை:

ஆனால் கதைக்கு விசுவாசம் எங்கே? போவிடம் மேடலின் ராடரிக்கின் இரட்டைப் பிறவித் தங்கை. எப்ஸ்தீனிடம் மனைவி. நடித்தவர் மார்கெரித் கான்ஸ், இயக்குநர் ஆபெல் கான்ஸின் மனைவி. ‘நீள்வட்ட ஓவியம்’ என்ற வேறொரு கதையை உள்ளே நுழைத்து, ஓவியன் தீட்டத் தீட்ட மனைவியின் உயிர் குறைவதாக மாற்றிவிட்டார். முடிவில் மாளிகை எரிந்தாலும் எல்லோரும் தப்பிக்கிறார்கள். உதவி இயக்குநராக இருந்த லூயி புனுவேல் பாதியில் எப்ஸ்தீனோடு பிணங்கிப் பிரிந்தார்.

அண்ணன் தங்கை உறவைக் கணவன் மனைவியாக்கியதும் கதையின் மையத்தில் இருந்த பேசமுடியாத விஷயம் போய்விட்டது. அது எனக்கு இழப்புதான்.

தந்திமீட்டி:

இழப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓவியத்தைப் பாருங்கள். சட்டத்துக்குள் துணியில் தீட்டிய படம் கிடையாது, மார்கெரித் கான்ஸே நிற்கிறார். அசையாமல் நின்று, திடீரென்று கண் இமைக்கிறார். தீட்டி முடிக்கும் ஓவியம் இமைக்கிறது, எதிரே மாதிரியாக நிற்பவள் சாய்கிறாள். இந்த ஒரு இமைப்பை எழுத்தில் செய்ய முடியாது.

பதினாறு_ஃபிரேம்:

இந்தப் படத்தில்தான் ஓட்டும் வேகம் உயிர். சவப்பெட்டியைத் தூக்கிப் போகும் காட்சி, மேடலினின் நீண்ட வெண்துகில் காற்றில் அலைவது, அலமாரியிலிருந்து புத்தகங்கள் சரிவது எல்லாம் ஸ்லோமோஷன். ஸ்லோமோஷன் என்பது எடுத்த வேகத்துக்கும் ஓட்டும் வேகத்துக்கும் உள்ள விகிதம். வினாடிக்கு 54 ஃபிரேமில் எடுத்த ஷாட்டை 18-ல் ஓட்டினால் 3 மடங்கு மெதுவாகும். அதையே 24-ல் ஓட்டினால் 2.25 மடங்குதான். வேகம் தவறினால் வழக்கமான மௌனப்படம் கோமாளித்தனமாகத் தெரியும். எப்ஸ்தீனின் படத்தில் இன்னும் மோசம்: எல்லாமே சுமாராக, அர்த்தமில்லாமல் தெரியும். 24-ல் 47 நிமிடத்தில் ஓடி முடியும் பிரதி 18-ல் ஏறத்தாழ 63 நிமிடம் ஓடும். எனவே முதலில் மொத்த நேரத்தைப் பாருங்கள். 60-க்கு வெகுவாகக் கீழே இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

சரியான வேகத்தை எந்தக் காட்சியில் சோதிப்பது? ஆரம்பத்தில் வரும் சத்திரக் காட்சியில். அங்கே ஆட்கள் சாதாரணமாக நடக்கிறார்கள், உட்காருகிறார்கள். அவர்கள் இயல்பாகத் தெரியும் வேகமே படத்தின் வேகம். மாளிகைக்குள் போன பிறகு எதையும் நம்பி அளக்க முடியாது.

ஒரு ஷாட் எத்தனை ஃபிரேமில் எடுக்கப்பட்டது என்று அறியும் வழியும் இருக்கிறது. விழும் பொருளைப் பிடியுங்கள். 1 மீட்டர் விழ 0.45 வினாடி, 1.5 மீட்டர் விழ 0.55 வினாடி. புத்தகம் அலமாரியை விட்டுத் தரையைத் தொடும்வரை ஃபிரேம்களை எண்ணி, அந்த வினாடியால் வகுத்தால் கேமராவின் வேகம் கிடைக்கும். 1 மீட்டருக்கு 24 ஃபிரேம் வந்தால் சுமார் 53. உயரத்தை நாம் கண்ணால் மதிப்பிடுவதால் பத்துக்குப் பத்து சரியாக வராது. சறுக்கி விழும் புத்தகத்தை எடுக்காதீர்கள், நேராக விழுவதை எடுங்கள்.

கணினிக் கோப்பாக ஓட்டுபவர்களுக்கு: 18 ஃபிரேம் படத்தை 24-ல் பதிவு செய்ய 3 ஃபிரேமுக்கு ஒன்றை இரட்டிக்கிறார்கள். 20-க்கு 5-ல் ஒன்று, 16-க்கு 2-ல் ஒன்று. ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளிப் பார்த்தால் எந்த இடைவெளியில் அசைவு நிற்கிறது என்று தெரியும். அதிலிருந்து பதிப்பாளர் எந்த வேகத்தை எண்ணினார் என்று கண்டுபிடிக்கலாம். ஏற்கெனவே இப்படி இரட்டித்த கோப்பை மறுபடி மெதுவாக்கினால் பக்கவாட்டில் நகரும் கேமரா விக்கும். தாழ்வாரத்தில் தரையோடு தரையாகக் காய்ந்த இலைகளின் மேல் கேமரா பாயும் ஷாட்டில் அது பளிச்சென்று தெரிந்துவிடும்.

பழுப்புச்சாயம்:

அமெரிக்க ‘அஷர்’ பற்றி நானே சொல்கிறேன், அது எனக்கு இரண்டிலும் பிடித்தது. ஜேம்ஸ் சிப்லி வாட்சன், மெல்வில் வெப்பர் என்ற இருவர் சினிமா நிறுவனம் எதுவும் இல்லாமல் எடுத்தது, 13 நிமிடம். வாட்சன் மருத்துவர், ‘தி டயல்’ இதழை நடத்தியவர்களில் ஒருவர், பிற்காலத்தில் எக்ஸ்ரே படங்களைச் சலனப்படமாக எடுக்கும் ஆராய்ச்சியில் இறங்கியவர். மேடலினாக நடித்தவர் அவர் மனைவி ஹில்டகார்ட். 2000-ல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது.

லென்ஸுக்கு முன்னால் பட்டகங்களும் கண்ணாடிகளும் வைத்து, மேலே மேலே பதிவு செய்திருக்கிறார்கள். படிக்கட்டு ஒன்று பலவாகி ஒன்றுக்குள் ஒன்று ஏறுகிறது. இதில் வெளிச்சக் கணக்கு முக்கியம். ஒரே ஃபிரேமில் மூன்று தடவை பதிந்தால் மூன்று வெளிச்சமும் கூடும். பின்னணி கறுப்பாக இருந்தால் பரவாயில்லை. வெளிச்சமான பின்னணி என்றால் ஒவ்வொரு தடவையும் மூன்றில் ஒரு பங்குதான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் கரைந்து வெள்ளையாகிவிடும்.

ஓசைக்கு அவர்கள் கண்ட வழி வேறு. காட்சிகளுக்கு நடுவே வரும் வசன அட்டையே கிடையாது. சுத்தியல் இறங்குகிறது, எழுத்துகள் திரைக்குள்ளேயே மிதந்து வருகின்றன: துடிப்பு, விரிசல், அலறல் என்று அர்த்தம் தரும் ஆங்கிலச் சொற்கள், சாய்ந்தும் உடைந்தும். கேட்க முடியாத சொல்லை அசையும் பொருளாக்கிவிட்டார்கள்.

ஊசல்_நேரம்:

ஆக ஒரு மாலைக்கு: 1909-ன் படம் 7 நிமிடம், ‘அவெஞ்சிங் கான்சியன்ஸ்’ 80-ஐ ஒட்டி, எப்ஸ்தீன் 63, வாட்சன்-வெப்பர் 13. மொத்தம் 160-ஐக் கொஞ்சம் தாண்டும். இந்த வரிசையே சரியா?

அண்டங்காக்கை:

கிரிஃபித் இரண்டும் முதலில், பிறகு 20 நிமிட இடைவேளை. இடைவேளை முடிந்ததும் வாட்சன்-வெப்பர், அதன்பின் எப்ஸ்தீன். எப்ஸ்தீனின் நிதானத்துக்குப் பிறகு 13 நிமிட வேகப் படத்தைப் போட்டால் முன்னது கொடுத்த மனநிலை கலைந்துபோகும்.

பழுப்புச்சாயம்:

வசன அட்டை இல்லாத படத்தை கதை தெரியாத கூட்டத்துக்கு முதலில் போட்டால் யார் யாரைப் புதைக்கிறார்கள் என்றே புரியாது. எப்ஸ்தீன் முதலில் என்றால் தங்கையை மனைவி என்று எண்ணிக்கொண்டு வாட்சனைப் பார்ப்பார்கள். இரண்டிலும் சிக்கல்தான். இடைவேளையிலேயே போவின் கதைச்சுருக்கத்தை அரைப் பக்கம் அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, அண்டங்காக்கை சொன்ன வரிசையில் போங்கள்.

தந்திமீட்டி:

வாட்சன் படத்துக்கு அடியில் தமிழ் சப்டைட்டில் ஓட்ட வேண்டாம். சொற்கள் படத்துக்குள் நகரும்போது கீழே இன்னொரு சொல் அசையாமல் நின்றால் கண் கீழே போய்விடும். அதே அரைப் பக்கத்தின் கடைசியில் அந்த மூன்று சொற்களின் ஆங்கில வடிவத்தையும் எதிரே தமிழையும் பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள். விளக்கணையும் முன் ஒருவர் அவற்றை ஒருமுறை உரக்கப் படித்தால் போதும்.